பதினோராயிரத்து எழுநூற்று நாற்பது விநாடி

பூங்கோதைக்கு நடந்த அநியாயம் இதுதான்: சனிக்கிழமை மத்தியானம் அவள் கண்டெடுத்ததைத் திங்கட்கிழமை காலையில் துவாரகநாத் தன்னுடையது என்று உலகத்துக்கு அறிவித்துவிட்டான். அறிவித்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆறு வருஷம் சீனியர், முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் அதே ஆய்வகத்தில் தொடர்கிறவர், எல்லோருக்கும் துவாரக் அண்ணா. ஆனால் திங்கட்கிழமையிலிருந்து அவள் மனசுக்குள் அந்த ஆளுக்கு மரியாதை ஒட்ட மாட்டேன் என்கிறது, ஈரச் சுவரில் தாள் ஒட்டாத மாதிரி வழுக்கி வழுக்கி விழுகிறது, அவன், அவன், அவனேதான். வானியல்காரர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் அவசரக் குறிப்புக்கு இன்னும் தந்தி என்றுதான் பெயர். பதினாறு வரி, கீழே இரண்டு பெயர். ஒன்று அவன். இன்னொன்று அமலோற்பவம் மேடம், வழிகாட்டி, அவர் பெயர் இருப்பது முறை, அதை யாரும் தப்பு சொல்லவில்லை. மூன்றாவதாக ஒரு பெயர் போட இடமில்லையா, இணையத்தில் என்ன காகிதமா தீர்ந்துபோகும், பூங்கோதை என்று எழுத எவ்வளவு மை செலவாகும்? இன்றைக்குப் புதன்கிழமை, மத்தியானம் இரண்டரை, வாராந்தரக் கூட்டம். இயற்பியல் துறையின் இரண்டாவது மாடியில் ஜன்னல் இல்லாத அறை, ஏசி சொட்டும் தண்ணீருக்கு ஒரு பெயின்ட் டப்பா, திரையில் அவன் பெயர் போட்ட முதல் பக்கம். ஒரு மணி நேரம். இந்த ஒரு மணி நேரத்துக்குள் கேட்டுவிட வேண்டும். கேட்காவிட்டால் இதுதான் நடந்தது என்று ஆகிவிடும், நடந்ததை யார் முதலில் சொல்கிறார்களோ அதுதான் நடந்தது, கோர்ட்டிலும் அப்படித்தான், கல்யாண வீட்டிலும் அப்படித்தான்.

முதலில் பஃப்ஸைப் பற்றி ஒரு முடிவுக்கு வர வேண்டும். யாருடைய தந்தி போனாலும் அவர் ஆய்வகம் முழுவதற்கும் கேன்டீனில் பஃப்ஸ் வாங்கித் தர வேண்டும் என்பது இங்கே வழக்கம், மேடம் மாணவியாக இருந்த காலத்திலிருந்து வருகிறதாம். அதன்படி அட்டைப்பெட்டி வந்துவிட்டது, ஒன்பது பேருக்கு ஒன்பது. அவன் பெட்டியை நீட்டியபோது, "பூங்கோதை, உனக்கு முட்டைதானே, தனியாச் சொல்லி வாங்கினேன்" என்றான். ஏன் தனியாகச் சொல்லி வாங்க வேண்டும்? மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது அவள் என்ன சாப்பிடுவாள் என்று கேட்டிருக்கிறானா, பாண்டிச்சேரி கருத்தரங்குக்குப் போனபோது எல்லோருக்கும் தயிர்சாதம் வாங்கிவிட்டு இவளை மறந்தே போனவன்தானே? குற்றம் செய்தவனுக்குத்தான் நினைவாற்றல் கூடும். வாங்கிக்கொண்டாள். வாங்கியிருக்கக் கூடாது. இப்போது அது காகிதத்தில் எண்ணெய் ஊறிக்கொண்டு மடியில் சூடாக இருக்கிறது. கடித்தால் தந்தி அவனுடையது என்று ஒப்புக்கொண்டதாகும், கடிக்காவிட்டால் பொறாமை என்பார்கள். பக்கத்தில் ரிஸ்வானா, அதே வருஷம் சேர்ந்தவள், விடுதியிலும் அடுத்த அறை, தன்னுடையதைப் பாதி முடித்துவிட்டுக் குனிந்து கேட்டாள்: "ஏய், மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்க?" "எப்படி?" "சாட்சிக் கூண்டுல ஏறப்போறவ மாதிரி." "நீ தந்தியைப் படிச்சியா?" "படிச்சேன், நல்லாத்தான இருக்கு." நல்லாத்தான இருக்கு. இவளிடம் சனிக்கிழமையே சொன்னது, பையை எடுக்க விடுதிக்கு ஓடியபோது, "ரெண்டாவதா ஒரு குட்டி மேடு வருதுடி" என்று கையால் காற்றில் வரைந்து காட்டியது, அதெல்லாம் ரிஸ்வானாவுக்கு மறந்துவிட்டதா, மறந்த மாதிரி இருக்கிறாளா? அவளுடைய ஆய்வுக் கட்டுரையைத் திருத்தித் தருவது யார்? துவாரக் அண்ணா. அப்படியானால் மறதிக்கு ஒரு விலை இருக்கிறது. சீச்சீ, ரிஸ்வானாவைப் போய். காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்து தந்தவள். ஆனால் கஞ்சி கொண்டுவருகிறவள் கட்டுரையைத் திருத்தக் கொடுக்க மாட்டாள் என்று எங்கே எழுதியிருக்கிறது?

திரையில் அவன் கருந்துளையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான், புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக. ஒரு கருந்துளை, அதை விட்டு விலக முடியாமல் சுற்றும் ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்தின் வாயுவைத் துளை இழுக்கிறது, இழுத்தது நேரே விழாது, தட்டு மாதிரி சுழன்று சுழன்று தேங்கும், வருஷக்கணக்கில் சத்தமே இருக்காது, பிறகு ஒரு நாள் தட்டு தாங்காமல் போய்க் கொட்ட ஆரம்பிக்கும், எக்ஸ்-கதிர் ஆயிரம் மடங்கு ஏறும், சில வாரம், மிஞ்சினால் சில மாதம், அப்புறம் மறுபடி தூக்கம். பதினெட்டு வருஷம் தூங்கிவிட்டு இப்போது எழுந்திருக்கிறது இது. வானத்தில் அது இருக்கும் இடத்தின் எண்களே அதற்குப் பெயர், ஆய்வகத்தில் சுருக்கி நாற்பத்திமூணு. "இந்த வெளிச்சம் ஒரே சீரா இருக்காது" என்றான் அவன், "விநாடிக்குள்ளேயே ஏறும், இறங்கும், நடுங்கும்." நடுங்கும் என்பது அவளுடைய சொல். போன மாதம் முதுகலை மாணவர்களுக்கு அவள் நடத்திய வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். சொல்லைக்கூட விடவில்லை பார். அந்த நடுக்கத்தைப் பிரித்து, விநாடிக்கு எத்தனை முறை என்று வரிசைப்படுத்திக் கோடு போட்டால் பெரும்பாலும் சரிவாக ஒரு கரடு, அதன் நடுவில் எங்கேயாவது ஒரு மேடு எழும்பினால் கிட்டத்தட்ட ஒழுங்கான ஒரு துடிப்பு இருக்கிறது என்று பொருள். நாற்பத்திமூணில் விநாடிக்கு மூன்று முறை ஒரு மேடு, அது எல்லோருக்கும் தெரிந்தது, வேறு இரண்டு குழுக்கள் சொல்லிவிட்டன. அதன் இரட்டிப்பான ஆறில் இன்னொன்று வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஐந்தில், மூன்றுக்கும் ஆறுக்கும் ஒட்டாமல் உறவு சொல்ல முடியாத இடத்தில், பாயின் கீழே கோலிக்குண்டு உருண்டு கிடக்கிற மாதிரி ஒரு குட்டி மேடு. சனிக்கிழமை இரண்டே கால் மணிக்கு அதைப் பார்த்தபோது அவளுக்கு உள்ளங்கால் சில்லென்றது. சாத்தூருக்குப் பஸ் பிடிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சித்தி மகளுக்கு வளைகாப்பு, அம்மா நாலு தரம் போன் அடித்துவிட்டாள், அந்த அவசரத்திலும் திரையைப் படம் பிடித்து அவனுக்குத்தான் அனுப்பினாள். "அண்ணா இது நிஜமா பாருங்களேன்." இரண்டு மணி நேரம் கழித்துப் பதில், அதற்குள் பஸ் மணப்பாறையைத் தாண்டிவிட்டது: "நாய்ஸ் மாதிரி இருக்கும்மா. திங்கள் பாக்கலாம்." திங்கள் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். இரைச்சல் என்று சொன்ன வாய் இரண்டு ராத்திரிக்குள் எப்படிக் கண்டுபிடிப்பு என்றது? இரைச்சல் என்று சொன்னபோதே முடிவு பண்ணிவிட்டானா, அவளை ஆறப்போடுவதற்காகத்தான் அப்படிச் சொன்னானா? ஆய்வகத்துக் கணினியில் எல்லோருடைய கோப்புகளும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கும், பூட்டு வைப்பது அவமரியாதை என்று மேடம் சொல்வார். திறந்த வீடு. உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தான்.

மேடத்துக்குத் தெரியுமா? இதுதான் சனியன் மாதிரி திரும்பத் திரும்ப வந்து நிற்கிற கேள்வி. முன்வரிசையில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. திங்கட்கிழமை மத்தியானம் பூங்கோதை ஊரிலிருந்து வந்து இறங்கி வராந்தாவில் எதிர்ப்பட்டபோது, "வளைகாப்பு நல்லபடியா ஆச்சா" என்று கேட்டார். வளைகாப்பு என்று அவரிடம் சொன்னது யார்? விடுப்புக் கடிதத்தில் குடும்ப நிகழ்ச்சி என்றுதான் எழுதியிருந்தாள். அப்படியானால் அவனும் அவரும் அவளைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், ஊருக்குப் போயிருக்கிறாள், வளைகாப்பு, இரண்டு நாள் வர மாட்டாள் என்று. அல்லது ரிஸ்வானா சொல்லியிருக்கலாம். அல்லது மேடம் சும்மா விசாரித்திருக்கலாம், பெண்பிள்ளைகள் ஊருக்குப் போனால் வளைகாப்பு இல்லாமல் வேறென்ன. "உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்டி" என்று அம்மா சொல்வாள், "பால்காரர் மேல, கண்டக்டர் மேல, பொண்ணு பாக்க வந்தவங்க மேல. ராத்திரி தூங்குறப்பவாவது அந்த மூளைக்கு லீவு குடு." ஆனால் பால்காரர் தண்ணீர் கலந்தார் என்பது நிரூபணமாகவில்லையா? நிரூபணமான சந்தேகத்துக்கு அப்புறமும் சந்தேகம் என்றா பெயர்? பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் செய்முறை, ஊசல் ஆட்டம், இருபது ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று அவள் குறித்ததைப் பக்கத்து மேசை ஜெயலட்சுமி அப்படியே எழுதினாள், மதிப்பெண்ணும் ஒன்று கூடுதலாக வாங்கினாள். இவள் போய்ச் சொன்னாள். டீச்சர் இரண்டு நோட்டையும் பார்க்கவே இல்லை, பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: "நீ ஏன் காட்டுன?" அவ்வளவுதான் விசாரணை. அதற்குப் பிறகு ஒரு வாரம் வகுப்பில் அவள் பெயர் போலீஸ்காரி. மேடமும் அதையேதான் கேட்பார். நீ ஏன் அவனுக்கு அனுப்பினே? எனக்கு அனுப்ப வேண்டியதுதானே? ஏன் அனுப்பவில்லை? மேடத்துக்கு அனுப்புவதற்கு முன் ஒருத்தர் ஆமாம் என்று சொல்லட்டும் என்று நினைத்தாள், தப்பாகிவிட்டால் மேடம் முன்னால் தலைகுனிவு என்று பயந்தாள், பயந்தவளுடைய பொருள் பயப்படாதவனுக்குப் போய்ச் சேர்ந்தது, இதில் புகார் என்ன இருக்கிறது என்று கேட்டால் என்ன பதில்?

பதில் வேண்டாம், அத்தாட்சி வேண்டும். அது வந்து நின்றது, மூன்றாவது பக்கத்தில், சின்ன அட்டவணையில், இரண்டாவது வரியில்: மொத்தப் பார்வை நேரம், பதினோராயிரத்து எழுநூற்று நாற்பது விநாடி. பூங்கோதைக்குக் காது அடைத்தது. அந்த எண்ணை அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை அவள் திரையில் கடைசியாக வந்த எண், பஸ்ஸில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாள். செயற்கைக்கோள் அனுப்புவதை அப்படியே கூட்டிவிட முடியாது. எந்த விநாடியிலிருந்து எந்த விநாடி வரைக்கும் நல்லது என்று பார்த்துப் பார்த்து, கெட்டதை வெட்டி எறிந்து, மிஞ்சியதைத்தான் கூட்ட வேண்டும், அதுவும் இந்த மாதிரி சுடச்சுட இறக்கிய அவசரத் தரவாக இருந்தால் யாரும் வெட்டித் தர மாட்டார்கள், அவரவர் கையால் வெட்ட வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக வெட்டினால் இரண்டு பேருக்கும் ஒரே அளவு வராது, இரண்டு தையல்காரர் ஒரே துணியை வெட்டின மாதிரிதான், பத்து விநாடியாவது இப்படி அப்படி இருக்கும். பதினோராயிரத்து எழுநூற்று நாற்பது என்றால் அது அவள் வெட்டியது. கைரேகை. எழுந்து இதைச் சொன்னால் போதும். ஆனால் அவன் என்ன சொல்வான்? "அதே தரவு, அதே முறை, அதே எண்தான் வரும், இதுல என்னம்மா இருக்கு?" என்று சிரிப்பான், அந்தச் சிரிப்புக்கு நாலு பேர் கூடச் சிரிப்பார்கள். அப்படியானால் இந்த எண் வேறு யாருக்கும் வரவே வராது என்று காட்ட வேண்டும், எந்த இடத்தில் அவள் வெட்டு மற்றவர்கள் வெட்டாத வெட்டு என்று காட்ட வேண்டும். நோட்டைத் திறந்தாள். ரிஸ்வானா எட்டிப் பார்த்தாள், இவள் கையால் மறைத்தாள். ஐந்து சுற்று, செயற்கைக்கோள் பூமியை ஐந்து தடவை சுற்றியபோது எடுத்தவை. முதல் சுற்றில் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து. அடுத்தது இரண்டாயிரத்து நூற்று நாற்பது. இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது. நாலையும் கூட்டினால் எட்டாயிரத்து அறுநூற்று எண்பது. மொத்தத்தில் கழித்தால் ஐந்தாவதுக்கு மூவாயிரத்து அறுபது. மூவாயிரத்து அறுபது? பேனா நின்றது. மற்ற நாலும் இரண்டாயிரத்தை ஒட்டி இருக்க இது மட்டும் எப்படி மூவாயிரம்? தப்பாகக் கழித்துவிட்டாளா? மறுபடி கழித்தாள். மூவாயிரத்து அறுபது.

நாலு சுற்றை வெட்டியது ஞாபகம் இருக்கிறது, ஒவ்வொன்றாகத் திரையில் விரித்து, தலையையும் வாலையும் பார்த்து. ஐந்தாவது? ஐந்தாவதை எடுத்தபோது போன், "மூணு மணி பஸ்ஸ விட்டா பிறகு அஞ்சரைக்குத்தான், ராத்திரிதான் வந்து சேருவ, பூவெல்லாம் வாடிப்போகும்" என்று அம்மா, பூவுக்கும் இவள் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று சண்டை, சண்டைக்கு நடுவில் ஐந்தாவது வரியை முழுசாக அப்படியே போட்டுவிட்டு, அப்புறம் வெட்டிக்கொள்ளலாம் என்று. அப்புறம். அந்த அப்புறம் வரவே இல்லை. மேட்டைப் பார்த்ததும் உலகமே மறந்துபோனது. ஐந்தாவது சுற்றில் நமக்கு ஒதுக்கிய நேரம் எவ்வளவு? அட்டவணை அவளுக்கு மனப்பாடம், இரண்டாயிரத்து நூற்று அறுபது விநாடியில் நம் முறை முடிகிறது. அதற்குப் பிறகு செயற்கைக்கோள் திரும்பிவிடும், அடுத்தவருடைய நட்சத்திரத்தைப் பார்க்க, ஆனால் பதிவை நிறுத்தாது, அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகும். மீதி தொள்ளாயிரம். தொள்ளாயிரம் விநாடி அது எதைப் பார்த்துக்கொண்டிருந்தது? மழைக்காலத்தில் சாத்தூர் வீட்டில் டியூப்லைட் நடுங்கும், அம்மா ஸ்டார்ட்டரைத் திருகுவாள், சோக்கை மாற்றச் சொல்வாள், மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் அப்பா படுத்த இடத்திலிருந்தே தலையைத் தூக்காமல் சொல்வார்: "நம்ம லைட்டுல ஒண்ணும் இல்ல. மேலவீட்டு முருகையா மோட்டாரைப் போட்டிருக்கான். அஞ்சு எச்.பி. வயண்டிங் போயிருச்சு, அந்த நடுக்கம் இங்க தெரியுது." வெளிச்சம் நம்முடையது, நடுக்கம் அடுத்தவனுடையது. நாற்பத்திமூணுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அடுத்த முறை யாருக்கு? நியூட்ரான் நட்சத்திரம் ஒன்று, பழைய ஆள், அசுரப் பிரகாசம், அது விநாடிக்கு ஐந்து முறை, சிலநேரம் ஆறு முறை துடிக்கும் என்று முதலாம் ஆண்டிலேயே படித்திருக்கிறாள், பரீட்சையில் எழுதியிருக்கிறாள், மேடம் அதற்குச் சரி போட்டுப் பக்கத்தில் நன்று என்று எழுதியிருக்கிறார். ஐந்து. உறவு சொல்ல முடியாத இடத்தில் ஐந்து. உறவு எப்படி இருக்கும், அது இந்த வீட்டுப் பிள்ளையே இல்லையே. கைரேகை என்று நினைத்தாளே, கைரேகைதான், எண்ணெய்க் கையை வைத்துவிட்டுப் போன ரேகை. அவன் திருடினான் என்பதற்கு இருக்கிற ஒரே அத்தாட்சி அவள் தப்பு பண்ணினாள் என்பதற்கும் அத்தாட்சி. ஒன்றை எடுத்து நீட்டினால் மற்றது கூடவே வரும், தனித்தனியாகக் கிழிக்க முடியாது. எந்தத் திருடனாவது திருடிய பொருளைத் திறந்து பார்க்காமல் விற்பானா? ஐந்தாவது சுற்றை ஒரே ஒரு தடவை விரித்துப் பார்த்திருந்தால் வாலில் பள்ளமும் ஏற்றமும் அப்பட்டமாகத் தெரிந்திருக்குமே, முனைவர் பட்டம் வாங்கியவனுக்குத் தெரியாதா? பார்க்கவே இல்லை. அவள்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நினைப்பில் ஒரு கணம் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள், ரிஸ்வானா திரும்பிப் பார்த்தாள்.

அப்படியானால் சும்மா இரு. உட்கார்ந்திரு. பஃப்ஸைச் சாப்பிடு. இதைவிட நல்ல தண்டனை யார் கொடுக்க முடியும்? இன்றோ நாளையோ வேறொரு நாட்டுக்காரர் ஐந்து இல்லையே என்று தந்தி அடிப்பார், அவன் முகத்தில் கரி, தந்தியில் அவள் பெயர் இல்லை, இல்லாமல் போனதே பாக்கியம், கடவுள் இருக்கிறார். கடவுள் இருக்கிறார் என்று நினைத்த அதே விநாடியில் மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "துவாரகநாத், நாலு மணிக்குள்ள ரிக்வெஸ்ட் போயாகணும், சீக்கிரம் முடி. எல்லாரும் கேட்டுக்கோங்க, வெளிநாட்டுப் பெரிய தொலைநோக்கிக்கு அவசர நேரம் கேக்கப்போறோம். வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் நாம கேக்கலாம். அஞ்சுல வர்ற இந்தக் குட்டி மேட்டுக்காகத்தான் கேக்குறோம், அதுக்காக மட்டுந்தான். கிடைச்சா வேற ஒருத்தரோட வேலையை நிறுத்திட்டு நமக்குத் திருப்புவாங்க." அப்படிச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சின்ன நடுக்கம், சந்தோஷம்தான் அது, இருபத்தைந்து வருஷமாக மூன்று தடவை கேட்டு மூன்றும் கிடைக்காதவரின் சந்தோஷம். திருட்டு தெரிந்திருந்தால் இப்படி நடுங்குவாரா? தெரியாது இவருக்கு, ஒன்றுமே தெரியாது. அல்லது நடிக்கிறாரா? இல்லை. இது நடிப்பில்லை என்று தெரிந்ததும் பூங்கோதைக்கு நெஞ்சு இன்னும் கனத்தது, எதிரி என்று வைத்திருந்தவர்களில் ஒருத்தர் குறைந்துபோனால் சுமை குறைய வேண்டாமோ? நாற்பத்திமூணு இன்னும் மூன்று வாரத்தில் அணைந்துவிடும், அடுத்தது எப்போதோ. இல்லாத மேட்டுக்காக அந்த ஒரே வாய்ப்பைச் செலவழித்துவிட்டு, இல்லை என்று தெரிந்த பிறகு, அமலோற்பவம் என்ற பெயரைப் பார்த்தாலே அங்கே இருப்பவர்கள் கடிதத்தை ஓரமாக வைப்பார்கள். அவளுடைய தொள்ளாயிரம் விநாடியால். பேசினால் திருட்டும் வெளியே வரும், தப்பும் வெளியே வரும், திருட்டை ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள், தப்பை மறக்க மாட்டார்கள், மூன்றாம் வருஷத்தில் வால் வெட்டத் தெரியாதவள் என்று வாய்மொழித் தேர்வு வரைக்கும் கூடவே வரும். பேசாவிட்டால் ஒன்றும் வராது. ஒன்றுமே வராது. அந்த ஒன்றுமே வராததைக் கற்பனை பண்ணிப் பார்த்தாள், விடுதி அறை, ஃபேன், ரிஸ்வானாவின் கஞ்சி, எல்லாம் அப்படியே, நடுவில் இவள் மட்டும் அவனைவிட மோசமான ஒருத்தியாக. அவன் தெரியாமல் பொய் சொன்னான். இவள் தெரிந்தே விட்டாள் என்றாகும்.

"கேள்வி ஏதாவது?" என்றான் துவாரகநாத், கணினியை மூடக் கை வைத்தபடி. "அப்போ அனுப்பிடலாமா மேடம்?" பூங்கோதை எழுந்தாள், மடியில் இருந்த பஃப்ஸ் தரையில் விழுந்து உதிர்ந்தது, யாரோ சிரித்தார்கள். "எனக்கு ஒண்ணு கேக்கணும்." நோட்டைப் பார்த்தபடி தொடர்ந்தாள். "கடைசிச் சுற்றுல மூவாயிரத்து அறுபது விநாடி வருது. நம்ம முறை ரெண்டாயிரத்து நூத்தி அறுபதோட முடிஞ்சிருச்சு. அண்ணா வாலை எங்க வெட்டினாங்க?" அவன் புருவம் சுருங்கியது, பிறகு அந்தச் சிரிப்பு. "அதெல்லாம் சாஃப்ட்வேரே பாத்துக்கும்மா." "அவசரத் தரவுல பாத்துக்காது அண்ணா. கையாலதான் வெட்டணும்." மேடம் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். "அவ கேக்குறது சரிதானே. கடைசிச் சுற்றைத் திற." "மேடம், நாலு மணிக்குள்ள அனுப்ப..." "திறப்பா." திறந்தான். திரையில் கோடு சீராக ஓடி, இரண்டாயிரத்து நூற்று அறுபதில் பள்ளத்தில் விழுந்து, ஏறி, வேறு உயரத்தில் வேறு ஒரு நடுக்கமாக ஓடியது. குழந்தைக்குக்கூடத் தெரியும், இது வேறு வீடு. மேடம் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், விரலால் அந்தப் பள்ளத்தைத் தொட்டார், தொட்டால் அழிந்துவிடுமோ என்று பார்க்கிற மாதிரி. "தொள்ளாயிரம் விநாடி பக்கத்து நட்சத்திரத்தைப் பாத்துட்டு, கருந்துளையில புதுசு கண்டுபிடிச்சோம்னு தந்தி அடிச்சிருக்கோம்" என்றார் மெதுவாக. "என் பேரையும் போட்டு." திரும்பினார். இப்போது சொல்லிவிட வேண்டும், நான்தான் என்று, பூங்கோதை வாயைத் திறந்தாள். மேடம் அவளைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தார். "துவாரகநாத், இதை வெட்டாம விட்டது யாரு? நீ உட்கார்ந்து பண்ண கணக்குதானே இது?" அவன் ஒரு மணி நேரத்தில் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான், கை நீட்டிக் காட்டினான், எல்லோரும் அந்தக் கை போன திசையில் திரும்பினார்கள்.

"இல்ல மேடம், இது பூங்கோதை பண்ணது. மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் எல்லாமே அவதான் பண்ணா. நான் என் பேரை மட்டுந்தான் போட்டேன்."